கூட்டுவதும் கூடுவதும்

சென்ற மாதம் நம் பங்கின் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் பணியில் இறங்கினோம். உபதேசியார் பேரேட்டைச் சுமந்து முன்னே நடக்க, நாம் பின்னே நடந்து, செஞ்சி நகரின் தெருக்களிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் பெயர்களைச் சேர்த்தோம். மறைந்தோர் பெயருக்கு நேரே சிலுவைக் குறியிட்டோம். மணமாகிப் போன பெண்மக்களின் புதிய ஊர்களை எழுதினோம். கைப்பேசி எண்ணுக்கென்று அப்பேரேட்டில் தனிப் பத்தி ஒன்று உண்டு. அதில் மட்டும் திருத்துவதற்கு அதிகம் இல்லை. "எண் மாறவில்லையா அம்மா?" என்று ஒரு வீட்டில் கேட்டோம். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் சிரித்தார். "நம்பர் அதேதான் சாமி. கம்பெனியைத்தான் மூணு தடவை மாத்திட்டோம்" என்றார்.

2011ஆம் ஆண்டு சனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த வசதி இது. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் கடைக்குச் சென்றால் மற்றதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். இப்படிப் போகிறவர் சண்டையிட்டுப் போவதில்லை. கடிதம் எழுதிவைத்தும் போவதில்லை. உற்றார் உறவினருக்கு அவர் அதே எண்ணில் கிடைக்கிறார். அவர் போய்விட்டார் என்பதை அறிவது பழைய நிறுவனத்தின் கணக்கேடு ஒன்றே. இதை எண்ணியபடியே நடந்த நமக்கு, இவ்வாறே ஓசையின்றி நம்மை விட்டு விலகிப்போன சிலருடைய முகங்கள் கண்முன் வந்து நின்றன. அவர்களைப் பற்றிச் சொல்லுமுன், வாசகர்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கக்கூடிய ஒரு பெரிய நிறுவனத்தின் கதையை நினைவூட்ட விரும்புகிறோம். அது கோடிகளின் கதை. நம்முடையது ஒரு சிறு பாடற்குழுவின் கதை. ஆயினும் இரண்டும் ஒரே பாடத்தைத்தான் நமக்குக் கற்பித்தன.

வோடபோன், ஐடியா என்னும் பெயர்களைக் கேளாத இல்லம் நம் பக்கத்தில் இராது. வோடபோன் இங்கிலாந்து நாட்டு நிறுவனம். 2007இல் ஹட்ச் நிறுவனத்தின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கி இந்தியாவிற்குள் வந்தது. ஐடியா ஆதித்ய பிர்லா குழுமத்தைச் சேர்ந்தது. பிர்லாவும் டாடாவும் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனமும் முன்னொரு காலத்தில் கைகோத்ததனால் பிறந்த பிள்ளை அது. இவ்விரண்டும் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வளர்ந்தவை. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் இலவசச் சேவையோடு களத்தில் இறங்கியதும் கட்டணங்கள் சரிந்தன. தனித்து நின்றால் தாங்காது என்று கண்ட இருவரும் 2017 மார்ச் 20 அன்று இணைப்பை அறிவித்தனர். 2018 ஆகஸ்டு 31 அன்று இணைப்பு நிறைவேறியது. அன்று இருபக்கத்து வாடிக்கையாளரையும் கூட்டிப் பார்த்தபோது 40 கோடிக்கு மேல் வந்தது. நாட்டிலேயே முதலிடம்! ஒரே ஊரில் இரண்டு கோபுரம் எதற்கு, ஒரே தெருவில் இரண்டு கடை எதற்கு என்றெல்லாம் கணக்கிட்டு, நான்காம் ஆண்டளவில் ஆண்டுக்குச் சுமார் 14,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என எதிர்பார்த்தனர்.

இந்தக் கணக்கைப் பார்த்து நாம் நகைக்க முடியாது. நாமும் அப்படியொரு கணக்கைப் போட்டவர்கள்தாம்.

நாம் இப்பங்கிற்கு வந்த புதிதில் இரண்டு பாடற்குழுக்கள் இருந்தன. ஒன்று பெரியவர்களுடையது. அதில் 14 பேர். நாற்பது ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசித்துவந்த முதியவர் ஒருவர் அதன் தலைவர். மற்றொன்று இளைஞர்களுடையது. அதில் 18 பேர்; தவணையில் வாங்கிய கீபோர்டு ஒன்று அவர்களுடைய செல்வம். ஒரு ஞாயிறு இவர்கள், மறு ஞாயிறு அவர்கள் என முறைவைத்துப் பாடினர். நமக்கு அது வீணாகத் தோன்றியது. இரண்டு ஒத்திகை, இரண்டு ஒலிபெருக்கி வாடகை, திருவிழாவில் இரண்டு சாப்பாட்டுச் செலவு. பதினான்கும் பதினெட்டும் முப்பத்திரண்டு. அத்தனை குரல்கள் சேர்ந்து ஒலித்தால் கோவில் அதிராதா? ஒரு ஞாயிறன்று பூசை முடிந்ததும் பீடத்தருகில் நின்று, "இனி ஒரே குழு" என்று அறிவித்தோம். எல்லாரும் கைதட்டினர். அன்று நாம் மகிழ்ந்த மகிழ்ச்சி, முதலிடம் பிடித்த நிறுவனத்தாரின் மகிழ்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று.

இனி நடந்ததைக் காண்போம். புதிய நிறுவனத்தில் தலைவர் நாற்காலி ஐடியா தரப்பில் குமார் மங்கலம் பிர்லாவுக்கு. அன்றாட நிர்வாகம் வோடபோன் தரப்பில் பலேஷ் சர்மாவுக்கு. நிதிப் பொறுப்பு மீண்டும் ஐடியா தரப்பில் அக்ஷய மூந்த்ராவுக்கு. சம்பந்தி வீட்டார் சீர்வரிசையைப் பங்கிட்டுக்கொள்வது போன்ற ஏற்பாடு. ஓராண்டு நிறைவதற்குள் சர்மா விலகினார். 2019 ஆகஸ்டில் ரவீந்தர் தக்கர் வந்தார். 2022இல் மூந்த்ரா அப்பொறுப்பை ஏற்றார். 2025இல் அபிஜித் கிஷோர் வந்தார். ஏழு ஆண்டுகளில் நால்வர். இணைந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் கடைத்தெருவில் வோடபோன் என்றும் ஐடியா என்றும் இரண்டு பெயர்ப்பலகைகளே தொங்கின. 'வி' என்னும் ஒரே பெயர் 2020 செப்டம்பர் 7 அன்றுதான் வந்தது. இதற்கிடையில் இரண்டு வலைப்பின்னல்களையும் மாநிலம் மாநிலமாகப் பிரித்துப் பின்னும் வேலை நடந்துகொண்டிருந்தது. போட்டியாளர்களோ அவ்வேளையில் வேறெந்தக் கவலையுமின்றிப் புதிய கோபுரங்களை எழுப்பிக்கொண்டிருந்தனர்.

நம் பாடற்குழுவிலும் இதுவே நடந்தது. யார் தலைவர் என்ற கேள்வி எழுந்தபோது, யாருடைய மனமும் நோகக்கூடாது என்று, "இருவருமே தலைவர்கள்" என்றோம். அதை ஞானமான தீர்ப்பென்று எண்ணிக்கொண்டோம். விளைவு என்ன? காணிக்கைப் பாடலுக்கு ஒருவர் ஒரு பண்ணைத் தொடங்க, மற்றவர் வேறொன்றைத் தொடங்கினார். ஆர்மோனியத்தின் சுருதிக்கும் கீபோர்டின் சுருதிக்கும் ஒத்துவரவில்லை. ஒத்திகையில் பெரியவர்கள் சாளரத்தின் பக்கமும் இளைஞர்கள் கதவின் பக்கமுமாக அமர்ந்தனர். பங்கு மக்களோ ஈராண்டு கழிந்தும் "பெரியவங்க குழு", "பசங்க குழு" என்றே சொல்லிவந்தனர்.

இரண்டு தலைமை என்ன செய்யும் என்பதை நாம் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. நம் வீட்டு வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டையை, 2025இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். மராட்டிய மன்னர் இராசாராம் அதனுள் தங்கியிருந்தபோது, 1690இல் ஔரங்கசீப்பின் படை அதை முற்றுகையிட்டது. சுல்பிகர்கான் படைத்தலைவர். பின்னர் அவருடைய தந்தை அசத்கானும், பேரரசரின் மகன் காம்பக்ஷும் அனுப்பப்பட்டனர். இளவரசருக்கும் படைத்தலைவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. இளவரசர் எதிரியோடு இரகசியமாகப் பேசுகிறார் என்ற ஐயம் முற்றி, 1693இன் தொடக்கத்தில் அவரைத் தம் பாசறையிலேயே சிறைப்படுத்தினர் அவருடைய தலைவர்களே! முற்றுகை எட்டு ஆண்டுகள் இழுத்தது. 1698இல் கோட்டை வீழ்ந்தபோது இராசாராம் அதனுள் இல்லை, தப்பிவிட்டிருந்தார். படைகளைக் கூட்டி அனுப்பிய பேரரசர், யார் சொல் இறுதிச் சொல் என்பதைத் தெளிவாக்கி அனுப்பவில்லை. நாமும் அத்தகைய சிறு பேரரசராகவே அன்று நடந்துகொண்டோம்.

மற்றொரு சிக்கல் பழைய கடன். தொலைபேசி நிறுவனங்கள் தம் வருவாயில் ஒரு பகுதியை அரசுக்கு உரிமக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். வருவாய் என்பதில் வட்டி, வாடகை போன்ற பிற வரவுகளும் அடங்குமா என்னும் வழக்கு பல்லாண்டுகளாக நடந்துவந்தது. 2019 அக்டோபர் 24 அன்று, அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய ஆண்டுகளின் பாக்கி, அதற்கு வட்டி, அபராதம், அபராதத்திற்கும் வட்டி எனக் கணக்கு வந்தது. இணைந்த நிறுவனம் இரண்டு வீட்டுக் கடனையும் ஒரே வாசலில் ஏற்க வேண்டியதாயிற்று. அது 58,000 கோடி ரூபாய்க்கு மேல் என அரசு கணக்கிட்டது. அவ்வாண்டு சூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதக் கணக்கில் அந்நிறுவனம் காட்டிய நட்டம் ஏறத்தாழ 50,900 கோடி ரூபாய்; அதுவரை எந்த இந்திய நிறுவனமும் ஒரு காலாண்டில் அவ்வளவு நட்டம் காட்டியதில்லை.

நம் குழுவின் கடன் சில ஆயிரங்களே. பெரியவர்கள் ஒலிபெருக்கிக் கடைக்குப் பாக்கி வைத்திருந்தனர். இளைஞர்களுக்குக் கீபோர்டின் தவணை மீதமிருந்தது. இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் திறந்து பாராமலே நாம் இணைப்பை அறிவித்துவிட்டோம். திருவிழாவில் கிடைத்த அன்பளிப்பு வந்ததும், "உங்கள் பாக்கியை நாங்கள் ஏன் அடைக்க வேண்டும்?" என்ற பேச்சு எழுந்தது. தொகை சிறிதானாலும் அது கிளப்பும் கசப்புக்கு அளவில்லை. இல்லறம் நடத்தும் நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

பெரிய நிறுவனத்தின் முடிவு இன்னும் எழுதப்படவில்லை. 2021 சூனில் பிர்லா அவர்கள், தம் பங்குகளை அரசு சொல்லும் எந்த நிறுவனத்திற்கும் தரத் தயார் என்று மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டில் தலைவர் பதவியிலிருந்தும் விலகினார். (பங்கு என்றால் நமக்கு ஒரு பொருள், சந்தைக்காரர்களுக்கு வேறு பொருள் என்பதை வாசகர் அறிவர்.) அரசு வரவேண்டிய பாக்கியில் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டது, 2023 பிப்ரவரியில் மூன்றில் ஒரு பகுதி, 2025 ஏப்ரலுக்குப் பின் ஏறத்தாழப் பாதி அரசின் கைக்கு வந்தது. வாடிக்கையாளரோ 2025இல் சுமார் 20 கோடியாகக் குறைந்திருந்தனர். போட்டியும், தீர்ப்பும், கட்டண வீழ்ச்சியும் இதற்குப் பெருங் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. எல்லாப் பழியையும் இணைப்பின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. ஆயினும் 2018இல் கூட்டிப் பார்த்த நாற்பது கோடியில் ஏறக்குறைய பாதி கரைந்துபோயிற்று. போனவர்களில் மிகப் பலர் ஊர்வலம் போகவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஒரு குறுஞ்செய்தியோடு போய்விட்டனர்.

அப்படியானால் இணையாதிருப்பதே நலமோ என்று கேட்கலாம். அதற்கும் நம் மாநிலமே விடை தருகிறது. 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கிய ஏர்செல், 2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு இணைய ஒப்பந்தம் செய்தது. 2017 அக்டோபரில் அந்த இணைப்பு முறிந்தது. 2018 பிப்ரவரியில் சமிக்ஞை இன்றித் தமிழகமெங்கும் மக்கள் கடைகளின் முன் திரண்டனர். அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் மனு அளித்தது. ஆகவே தனித்து நிற்பது எப்போதும் காப்பாற்றும் என்றும் சொல்வதற்கில்லை. இணைவது சில வேளைகளில் தேவையே. எப்படி இணைகிறோம் என்பதே கேள்வி.

இப்போது பதிவேட்டுக்கு வருவோம். அந்த மாலை நாம் கடைசியாக ஏறியது ஆர்மோனியப் பெரியவரின் வீடு. இணைப்பு நடந்து சில மாதங்களில் முழங்கால் வலி என்று சொல்லி அவர் பாடற்குழுவிலிருந்து நின்றுவிட்டார். பூசைக்குத் தவறாமல் வருவார். பின்வரிசைத் தூணோரம் அமர்வார். அவர் நின்றபின் ஒருவர் பின் ஒருவராக, ஒருவருக்குத் தேர்வு, ஒருவருக்குக் கழனி வேலை என்று, முப்பத்திரண்டு பேர் 14 பேராயினர். சண்டையே நடக்கவில்லை என்பதால் குழப்பம் ஏதுமில்லை என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம்.

திண்ணையில் ஆர்மோனியம் பழைய வேட்டியால் மூடப்பட்டிருந்தது. உபதேசியார் பேனாவைத் திறந்து, "நம்பர் மாறலையே ஐயா?" என்று கேட்டார்.

"மாறல" என்றார் பெரியவர். பிறகு நம்மைப் பாராமல், "கூப்பிடறதுதான் நின்னுபோச்சு" என்றார்.

நாம் திண்ணையில் அமர்ந்தோம். நெடுநேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை. பின்பு, "எம்மீது வருத்தமா ஐயா?" என்று கேட்டோம்.

"கோவமெல்லாம் இல்ல சாமி. ரெண்டு பேரும் தலைவர்னு சொன்னீங்க. அதுல என் வேலை என்னன்னு எனக்குத் தெரியல. கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. வேலை தெரியாதவன் நடுவுல நின்னா மத்தவங்களுக்கு இடைஞ்சல்தானே?"

குருத்துவப் பயிற்சிக் காலத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றோம். தர்க்க விதிகளை மனப்பாடம் செய்தோம். ஆனால் நம் மௌனத்தால் ஒரு மனிதரை வேலையற்றவராக்கிவிட்டோம் என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றோம். அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் நாம் முடிவெடுக்காமல் இருந்தோம். அந்த முடிவின்மையே அவரை நோகடித்துவிட்டது. முழங்கால் வலி என்று அவர் சொன்னதை நம்பிக்கொண்டது நமக்கும் வசதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறி எழுந்து, "நீங்க போயி என்கிட்ட..." என்றார். மேலே பேசவில்லை. உள்ளே திரும்பி மோர் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறன்று குழுவில் இருப்பவர்களையும் விலகியவர்களையும் ஒன்றாக அழைத்தோம். இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் நடுவில் வைத்தோம். யார் பாக்கி எவ்வளவு என்று எல்லார் முன்னிலையிலும் படித்தோம். இதுவரை உள்ளதைப் பங்கே அடைக்கும், இனிமேல் ஒரே கணக்கு என்று முடிவாயிற்று. ஞாயிறு பாடல்களை நடத்துவது இளைஞர் தலைவர் என்றும், அவர் சொல்லே இறுதி என்றும் தெளிவாகச் சொன்னோம். திருவிழா, அடக்கப் பூசை ஆகியவற்றின் பழைய பண்களைக் கற்பிப்பது பெரியவருடைய பொறுப்பு. அதில் அவர் சொல்லே இறுதி. கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்தது. ஈராண்டுகளுக்கு முன்பே செலவழித்திருக்க வேண்டிய அரை மணி நேரம்!

எல்லாம் சீராகிவிட்டதென்று சொல்ல மாட்டோம். பெரியவர் குழுவின் வரிசைக்குத் திரும்பவில்லை. "இனிமே என்னால நிக்க முடியாது சாமி, பிள்ளைங்கள இங்க அனுப்புங்க" என்றார். சனிக்கிழமைதோறும் ஆறு சிறுவர் சிறுமியர் அவர் திண்ணையில் ஆர்மோனியம் பழகுகின்றனர். விலகியவர்களில் 5 பேர் திரும்பினர். இப்போது குழுவில் 19 பேர். முப்பத்திரண்டு என்பது நாம் தாளில் போட்ட கூட்டல். பத்தொன்பதுதான் உண்மையில் கூடியிருப்போர்.

இல்லங்களில் இணைப்புகள் நாள்தோறும் நிகழ்கின்றன. அண்ணன் தம்பியர் இரு கடைகளை ஒன்றாக்குகின்றனர். மருமகள் ஒரு வீட்டிற்கு வருகிறாள். முதுமையில் பெற்றோர் மகன் வீட்டிற்குக் குடிபெயர்கின்றனர். மிச்சமாகும் செலவை அப்போது எல்லாரும் கணக்கிடுகிறோம். இறுதிச் சொல் யாருடையது, பழைய கடன் எவ்வளவு, வந்தவருக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்னும் மூன்றையும் கேட்கக் கூசுகிறோம். முதல் நாளிலேயே அவற்றைப் பேசிவிடுவோமாக. பேசாமல் விட்டால், நம் வீட்டு முதியவர் முழங்கால் வலி என்று சொல்லித் தூணோரம் போய் அமர்ந்துவிடுவார். நாமும் அதை நம்பிவிடுவோம்.

பதிவேட்டின் வேலை முடிந்துவிட்டது. அதை மூடி வைக்குமுன் பெரியவரின் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்து, பிள்ளைகள் எப்படிப் பழகுகிறார்கள் என்று கேட்பதற்காக, நாமே அவரை அழைத்தோம். இரண்டாம் மணிக்கே எடுத்துவிட்டார்.